உயிர்வேலிகளுக்கு நடுவே: ஓர் இங்கிலாந்துக் கிராமப் பாதையின் கதை

ஜூன் மாதக் கடைசி. இரவு எட்டு மணி தாண்டியும் வெயில் சாயவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்ப்டன்ஷயரில், இந்த நாட்களில் சூரியன் மறைய ஒன்பதரை மணி ஆகிவிடும். ஊரின் கடைசி வீட்டைக் கடந்து நடந்தால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி. அதன் அடியில் இடுப்பளவுப் புல். நடுவில் ஒரு கார் வந்தால் எதிரே வருவது ஒதுங்கி நிற்க வேண்டிய அகலத்தில் ஒரு தார்ப்பாதை. இதை இங்கே 'லேன்' என்கிறார்கள். சாலை என்றால் மிகை. ஒற்றையடிப் பாதை என்றால் குறை. பக்கத்து ஊருக்கும், வயலுக்கும், ஓடைக்கரைக்கும் போய்வர மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய வழி.

முதல் முறை நடப்பவர் இதை இயற்கை என்றே எடுத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எல்டர் மரம் வெண்குடை பிடித்ததுபோல் பூத்திருக்கிறது. காட்டு ரோஜா இளஞ்சிவப்பாக வேலியின் மேல் படர்ந்திருக்கிறது. மாலையானதும் ஹனிசக்கிள் கொடியின் வாசனை எழுகிறது. யாரும் திட்டமிட்டதாகவே தெரியாது. ஆனால் இந்தப் பாதையில் தானாக வந்தது மிகக் குறைவு. வேலி ஒருவர் நட்டது. அதன் அடியில் ஓடும் வாய்க்கால் ஒருவர் மண்வெட்டியால் வெட்டியது. வளைவுகள்கூட ஏதோ ஒரு காலத்து உழவுக்கு இடம்விட்டு வளைந்தவை. அந்த வேலைகளைச் செய்தவர்கள் இந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். இன்று இல்லை. கிராமம் மாறுகிறது என்று சொல்பவர்கள் புதிதாகக் கட்டிய வீடுகளைக் காட்டுகிறார்கள். எனக்கோ அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று: உழைக்கும் இடமாக இருந்த ஊர் வெறும் குடியிருப்பாகிவிட்டது. பாதையைப் பராமரித்த கைகள் போய்விட்டன. அந்தக் கைகளின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதை ஒரு மாலை நடையில் பார்த்துவிடலாம்.

பாதை போடும் வேலை ஊராரின் கடமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1555-ல் வந்த ஒரு சட்டம், ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பிரிவிலும், குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு 4 நாட்கள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் அது 6 நாட்களாயிற்று. வண்டி வைத்திருந்தவர் வண்டியோடு வர வேண்டும். இல்லாதவர் கையோடு வர வேண்டும். கல் பொறுக்கிப் போட்டு, குழியை நிரப்பி, வாய்க்காலைத் தூர்வாரினார்கள். விருப்பத்தோடு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஏனோதானோ என்று நடந்த வேலைதான் அதிகம். ஆனாலும் 1835-ல் அந்தச் சட்டம் நீக்கப்படும் வரை, ஏறத்தாழ 280 ஆண்டுகள், இந்தப் பாதைகள் ஊராரின் வியர்வையில் நின்றன. பிறகும் பல இடங்களில் 'லெங்த்ஸ்மன்' என்ற ஓர் ஆள் இருந்தார். தனக்கு ஒதுக்கிய நீளத்துக்குப் பாதையின் புல்லை அரிந்து வாய்க்காலைத் திறந்து வைப்பது அவர் வேலை. எந்தத் திருப்பத்தில் மழைநீர் தேங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது பாதை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. குழி விழுந்தால் இணையத்தில் புகார் எழுத வேண்டும்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் முதல் அரை மைல் பாதை நெளிந்து நெளிந்து போகிறது. வாயிற்கதவு ஒன்றில் கைவைத்து மேற்கே பார்த்தால் காரணம் தெரியும். மேய்ச்சல் நிலத்தின் மேல் தாழ்ந்த வெயில் படும்போது, உச்சி வெயிலில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து வருகின்றன. ஒரு போர்வையை விரலால் வரிவரியாக மடித்ததுபோல, நிலம் முழுவதும் நீண்ட வரிகள். இவை இடைக்கால உழவின் சால்கள். எட்டு எருதுகள் வரை பூட்டிய கனத்த கலப்பை வயலின் கடைசியில் சட்டென்று திரும்ப முடியாது. முன்கூட்டியே பக்கவாட்டில் வளையத் தொடங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி உழுததில் மேடுகள் பாம்புபோல் மெல்ல நெளிந்தன. பின்னால் வந்த வேலிகளும் பாதைகளும் பல இடங்களில் அந்த நெளிவையே பின்பற்றின. எருதுகள் திரும்பிய திருப்பத்தில்தான் இன்று கார்கள் திரும்புகின்றன.

அந்தச் சால்கள் ஏன் இன்னும் அழியவில்லை? நிலம் உழவிலிருந்து மேய்ச்சலுக்குப் போனதால். உழவை நிறுத்திவிட்டு ஆடு விட்டார்கள். மேலே புல் மூடிக்கொண்டது. அடியில் சால் அப்படியே உறைந்தது. பார்க்க அழகான நிலம்தான். ஆனால் உழவு நின்றது என்றால் அந்த நிலத்தில் வேலை செய்த மனிதர்களுக்கும் வேலை நின்றது என்று பொருள். இந்தக் கதையில் எனக்கு மனம் கொதிக்கும் இடம் இதுதான்.

முன்பு இந்த ஊர்களைச் சுற்றி வேலி போட்ட வயல்கள் அதிகம் இல்லை. இரண்டு அல்லது மூன்று பெரிய திறந்தவெளி வயல்கள். அவற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டை பட்டையாக நிலம். அறுவடை முடிந்ததும் தாளடியில் எல்லோருடைய மாடும் மேயலாம். தரிசில் விறகு பொறுக்கலாம். சொந்த நிலம் இல்லாத குடிசைக்காரருக்குக்கூட ஒரு மாடோ நான்கு வாத்துகளோ வைத்துக்கொள்ள வழி இருந்தது. ஆட்டு ரோமத்துக்கு விலை ஏறியபோது பெரிய நிலக்காரர்கள் அந்தப் பட்டைகளை ஒன்றுசேர்த்து வேலி அடைக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பும் வந்தது. 1607-ல் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் மக்கள் திரண்டு வேலிகளைப் பிடுங்கினார்கள். வாய்க்கால்களை மண்ணால் மூடினார்கள். அந்த ஆண்டு ஜூன் 8 அன்று, இதே நார்தாம்ப்டன்ஷயரில் கெட்டரிங் அருகே நியூட்டன் என்ற ஊரில், ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினார்கள். உள்ளூர்க் காவல்படை அவர்கள் மீது பாயத் தயங்கியது. நிலப்பிரபுக்கள் தங்கள் வீட்டு ஆட்களையே ஆயுதம் கொடுத்து ஏவினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு புதர்வரிசைக்காக இத்தனை உயிரா என்று இன்று கேட்கத் தோன்றும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர்களுடைய சோறு.

அந்த எதிர்ப்பு அடங்கியது, வேலியடைப்பு அடங்கவில்லை. பின்னர் அதற்குச் சட்டத்தின் முழு வலுவும் கிடைத்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவை தொட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பான்மை 1750-க்குப் பிறகான நூறு ஆண்டுகளில் வந்தவை. ஒரு ஊரை அடைக்க வேண்டுமானால் ஊரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் சம்மதத்தை எண்ணியது தலைக்கணக்கில் அல்ல, நில மதிப்பின் கணக்கில். மூன்று பெரிய நிலக்காரர்கள் சரி என்றால் நூறு குடிசைகள் வேண்டாம் என்பது எடுபடாது. சிறு நிலக்காரருக்கு ஒரு துண்டு ஒதுக்குவார்கள். அதைக் குறித்த காலத்துக்குள் அவரே செலவு செய்து வேலி போட வேண்டும். அளவைச் செலவிலும் பங்கு தர வேண்டும். முடியாதவர் விற்றுவிட்டுக் கூலியாளானார்.

பாதை சட்டென்று நேராகும் இடத்தில் இந்த வரலாறு கண்ணெதிரே நிற்கிறது. ஊரோரத்து நெளிவு முடிந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் பாதை நீள்கிறது. அளவுகோல் வைத்துத்தான் போட்டார்கள். வேலியடைப்பு ஆணையர்கள் பழைய வழிகளை அழித்து, வரைபடத்தில் புதிய பாதைகளைக் கீறினார்கள். 1801-ல் வந்த பொதுச் சட்டம் வண்டிப் பாதைக்குக் குறைந்தது 30 அடி அகலம் வேண்டும் என்றது. 40 அடிப் பாதைகளும் நிறைய. அன்று கல்லோ தாரோ கிடையாது. மழைக்காலத்தில் ஒரு வண்டித்தடம் சேறானால் அடுத்த வண்டி அதை ஒட்டிப் புதுத்தடம் போட வேண்டும். அதற்குத்தான் அந்த அகலம். பிற்காலத்தில் நடுவே பத்து அடிக்குத் தார் போட்டபோது, இரண்டு ஓரங்களும் புல்லுக்கு மிஞ்சின. சேற்றுக்காக விட்ட இடம் இன்று பூவுக்கு இடமாகியிருக்கிறது.

அந்த ஓரப்புல்லைக் குனிந்து பார்ப்பது நல்லது. நீல ஊதா நிறத்தில் கிரேன்ஸ்பில், வாய்க்கால் ஓரம் பால்நுரை நிறத்தில் மெடோஸ்வீட், ஊதாக் குஞ்சம்போல் நாப்வீட். 1930-களுக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் பூம்புல்வெளிகளில் 97 சதவீதத்தை இழந்துவிட்டன. உழுது, உரமிட்டு, ஒரே வகைப் புல் விதைத்ததில் போனவை அவை. அந்தப் புல்வெளிகளில் வாழ்ந்த செடிகள் பலவற்றுக்குச் சாலையோரம் கடைசிப் புகலிடம். அதுவும் பாதுகாப்பான புகலிடம் அல்ல. வயல் உரமும் வாகனப்புகையும் தரும் நைட்ரஜனில் மண் கொழுக்கும்போது, தொட்டால் எரியும் நெட்டில் செடிதான் செழிக்கிறது. மெலிந்த மண்ணை விரும்பும் பூச்செடிகள் அதன் நிழலில் மாய்கின்றன. பூ வேண்டுமானால் பூத்து விதை உதிர்ந்தபின் புல்லை அரிந்து, அரிந்ததை அங்கிருந்து வாரிச் செல்ல வேண்டும். முன்பு வைக்கோலுக்காக யாராவது அதைச் செய்தார்கள். இப்போது இயந்திரம் அரிந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது; அது மக்கி மண்ணை மேலும் கொழுக்க வைக்கிறது.

வேலிக்கு வருகிறேன். நேர்ப்பாதையின் இருபுறமும் பெரும்பாலும் ஹாத்தார்ன் என்னும் முள்மரம் மட்டுமே. வேலியடைப்புக் காலத்தில் நாற்றுப்பண்ணைகளிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி நட்டது அது. வேகமாக வளரும், மாடு நுழையாது, மலிவு. ஊரோரத்து நெளிவுப் பகுதியில் பார்த்தால் நிலைமை வேறு: ஹாத்தார்னோடு ஹேசல், மேப்பிள், டாக்வுட், பிளாக்தார்ன், ஸ்பிண்டில் என்று கலந்து கிடக்கும். மாக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர் இதிலிருந்து ஒரு கணக்கைத் தந்தார். வேலியில் 30 கெஜ நீளத்தை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை வகை மரமும் புதரும் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஏறத்தாழ அத்தனை நூற்றாண்டு அந்த வேலியின் வயது. ஐந்து வகை இருந்தால் ஐந்நூறு ஆண்டு. குழந்தைகளோடு நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் இதைச் சட்டமாக நம்பக்கூடாது. சில ஊர்களில் தொடக்கத்திலேயே பல வகை கலந்து நட்டார்கள். சில மண்ணில் புதிய வகைகள் விரைவாக வந்து சேர்கின்றன. பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கணக்கு உறுதிப்படும்.

உயிர்வேலி என்பது நட்டுவிட்டால் நின்றுகொண்டிருக்கும் பொருள் அல்ல. விட்டுவிட்டால் ஒவ்வொரு புதரும் மரமாகி உயரும், அடிப்பகுதி வெறிச்சோடும், ஆடு புகுந்துவிடும். அதைத் தடுக்க, பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் வேலியைப் 'படுக்க வைப்பார்கள்'. தண்டை அடியோடு ஒட்டி வெட்டரிவாளால் கிட்டத்தட்ட முழுவதும் வெட்டுவார்கள். பட்டையும் ஒரு மெல்லிய நார்மரமும் மட்டும் மிஞ்ச, தண்டை மெதுவாகச் சாய்ப்பார்கள். பார்ப்பவருக்கு மரம் செத்தது என்றே தோன்றும். ஆனால் அந்த மெல்லிய நார் வழியே சாறு ஓடும். வசந்தத்தில் சாய்ந்த தண்டிலும் துளிர்க்கும், அடிக்கட்டையிலிருந்தும் புதுக்கிளைகள் கிளம்பும். இடையிடையே முளை அடித்து, உச்சியில் ஹேசல் கழிகளைப் பின்னி முடிப்பார்கள். குளிரில் கை விறைக்க, ஒரு ஆள் ஒரு நாளில் சில பத்து கெஜம்தான் முடிக்க முடியும். கம்பிவேலி வந்ததும் இந்த வேலைக்கு அவசியம் குறைந்தது. டிராக்டரில் பூட்டிய சுழல்வெட்டி வந்ததும் ஆளும் குறைந்தது. ஆண்டுதோறும் ஒரே உயரத்தில் சிதைத்து வெட்டுவதால் வேலியின் தலை முடிச்சு முடிச்சாகி, அடி ஓட்டையாகிறது. இந்தக் கைவேலை அடியோடு அழிந்துவிடாமல் காக்க 1978-ல் ஒரு தேசியச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது.

எல்ம் மரத்தின் நிலைமை இதைவிடத் தெளிவாகப் பேசும். 1960-களின் கடைசியில் பரவிய ஒரு பூஞ்சை நோய் பிரிட்டனில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. பட்டை வண்டுகள் சுமந்து வந்த நோய் அது. கிராமங்களின் அடையாளமாக நின்ற அந்தப் பெருமரங்களை இன்று பெரும்பாலும் பழைய ஓவியங்களில்தான் பார்க்க முடியும். ஆனால் இந்த வேலியில் ரம்பப்பல் விளிம்புள்ள, தொட்டால் சொரசொரக்கும் இலைகள் இருக்கின்றன. அவை எல்ம். வேர் சாகவில்லை, அதிலிருந்து கன்றுகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. கன்று வளர்ந்து தண்டு தடித்ததும் வண்டு தேடி வரும். மரம் மறுபடி மடியும். வெட்டி வெட்டி வேலி உயரத்தில் வைத்திருந்தால் மட்டும் வண்டுக்குப் பிடிபடாமல் எல்ம் பிழைக்கிறது. மனிதன் அரிவாள் எடுக்காவிட்டால் உயிரோடு இருக்க முடியாத நிலை. ஆஷ் மரத்துக்கும் இப்போது அப்படியொரு சோதனை. 2012-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட இன்னொரு பூஞ்சை அதன் உச்சிக்கிளைகளைக் காய வைக்கிறது. பச்சை வேலிக்கு மேலே எலும்புபோல் நிற்கும் கிளைகளை இந்த நடையில் எண்ணிக்கொண்டே போகலாம்.

வேலிகளின் பெரும் அழிவு இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. 1947-ன் விவசாயச் சட்டம் விளைச்சலுக்கு உறுதியான விலை தந்தது. பெரிய அறுவடை இயந்திரங்களுக்குப் பெரிய வயல் தேவைப்பட்டது. வேலியைப் பிடுங்க அரசே மானியம் கொடுத்தது. நாட்டின் உயிர்வேலிகளில் ஏறத்தாழ பாதி அப்படிப் போயிற்று. 1997-ல் ஒரு விதி வந்தது: கிராமப்புற வேலியை எடுக்க நினைப்பவர் உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும்; அது 30 ஆண்டும் அதற்கு மேலும் வயதான, வரலாற்றாலோ உயிரினங்களாலோ முக்கியமான வேலி என்றால் 42 நாட்களுக்குள் உள்ளாட்சி தடுக்கலாம். 2024-ல் இன்னொரு விதி: மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, கூடுகட்டும் காலத்தில், விவசாய நிலத்து வேலியை வெட்டக்கூடாது. பாதுகாப்புக்காக வெட்டுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இந்த ஜூன் மாலையில் வேலி இப்படி அடர்ந்து தழைத்து நிற்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம். வேலியின் உச்சியில் மஞ்சள் தலையோடு உட்கார்ந்து, சலிக்காமல் ஒரே ராகத்தை இழுக்கும் எல்லோஹாமர் குருவிக்கு அது உயிர் காக்கும் விதி.

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஏழைகள் வேலியைப் பிடுங்கப் போய் உயிரை விட்டார்கள். இன்று வேலியைப் பிடுங்க வரும் இயந்திரத்துக்கு முன்னால் மக்கள் நிற்கிறார்கள். இரண்டு தரப்பும் நியாயமே பேசுகின்றன என்று நான் நம்புகிறேன். அன்று வேலி பொதுவானதைத் தனியாருக்கு ஆக்கியது. இன்று இரு வேலிகளுக்கு நடுவே இருக்கும் இந்தப் பாதைதான் பொதுவாக மிஞ்சியிருக்கிறது.

திரும்பி ஊரைப் பார்க்கலாம். தேன் நிறத்து இரும்புக்கல் வீடுகள், தேவாலயக் கோபுரம், அதைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும் உழவாரன் குருவிகள். வீட்டு வாசல்களில் பெயர்ப்பலகைகளைப் படித்தால் போதும், ஊரின் வரலாறு கிடைத்துவிடும்: பழைய கொல்லுப்பட்டறை, பழைய பள்ளிக்கூடம், பழைய தபால் நிலையம், பழைய ரொட்டிக்கூடம். எல்லாம் இன்று வீடுகள். 1851 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் உழைப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் விவசாயத்தில் இருந்தார். இன்று நூற்றில் ஒருவர்தான். குதிரை போனதும் கொல்லன் போனான். 1963-ல் ரயில்வே செலவைக் குறைக்க வந்த பீச்சிங் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. கிராமங்கள் பல ரயில் வசதியை இழந்தன. 1980-ல் உள்ளாட்சி வாடகை வீடுகளைக் குடியிருப்பவரே வாங்கும் உரிமை வந்தது. வாங்கியவர்களுக்கு அது பெரிய வாழ்வு, ஆனால் அந்த வீடுகளின் இடத்தில் மறுபடி வாடகை வீடுகள் போதிய அளவு கட்டப்படவில்லை. பண்ணையில் பிறந்த பிள்ளை ஊரிலேயே குடியிருக்க வழி குறைந்தது. 2007-க்கும் 2009-க்கும் இடையில் நாடெங்கும் சுமார் 2,500 தபால் நிலையங்கள் மூடப்பட்டன.

இதற்குப் புதிதாக வந்தவர்களைக் குறைசொல்வது தவறு. லண்டனுக்கு ஒரு மணி நேர ரயில் தொலைவில், கொஞ்சம் பசுமை வேண்டி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்திருக்காவிட்டால் பாதி வீடுகள் இடிந்திருக்கும். பயன்படாத களஞ்சியங்களை வீடாக்க 2014-ல் விதி தளர்ந்தது. 2024-ல் ஒரு பண்ணையின் கட்டடங்களிலிருந்து 10 வீடுகள் வரை ஆக்கலாம் என்றாயிற்று. வீடில்லாத நாட்டில் அது தேவைதான். ஆனால் களஞ்சியத்தின் திறந்த வாசல் கண்ணாடியாகும்போது உள்ளே கூடுகட்டிய தகைவிலான் குருவிக்கு வழியில்லை. பழைய கூரையின் இடுக்கை நேர்த்தியாக அடைக்கும்போது, மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் உழவாரன் தன் பழைய ஓட்டையைத் தேடி சுவரில் மோதுகிறது. 2021-ல் அது இந்த நாட்டின் அருகிவரும் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் ஏறியது. கூரையைச் செப்பனிடும்போது கூரையடிச் சுவரில் உள்ளே குடைவும் வாசலாக ஓர் ஓட்டையும் உள்ள ஒரு செங்கல்லை வைத்தாலே அதற்குப் போதும். வைக்கச் சொல்லி அந்த வீட்டாரிடம் யாரும் சொன்னதில்லை என்பதுதான் பல இடங்களில் குறை.

நடப்பவருக்கு இப்போது பெரிய தொல்லை வேகம். வேறு பலகை இல்லாத கிராமச் சாலையில் கார்களுக்குச் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை அனுமதி. பத்து அடி அகலப் பாதைக்கும் அதே அளவுதான். நடைபாதை கிடையாது, எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்பது விதி. விரைவுச்சாலை அருகே கிடங்குகள் பெருகியதும், வழிகாட்டும் கருவிகள் குறுக்குவழியாக இந்தப் பாதையைக் காட்டியதும் நிலைமையை மோசமாக்கின. ஒரு வேன் திருப்பத்தில் வரும்போது முதுகை முள்வேலியில் பதித்துக்கொண்டு நின்ற அனுபவம் இங்கே நடக்கும் எல்லோருக்கும் உண்டு. பயந்தவர்கள் நடப்பதை விட்டார்கள். நடப்பவர் குறைந்ததும் வண்டிகள் இன்னும் வேகமெடுத்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, உடற்பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வெளியே போகலாம் என்றானபோது இந்தச் சுழல் உடைந்தது. பாதைகள் மறுபடி நடப்பவர்களால் நிறைந்தன. பத்தாண்டு ஒரே ஊரில் இருந்தவர்கள் தங்கள் ஊருக்குப் பின்னால் ஓர் ஓடை இருப்பதை அப்போதுதான் கண்டார்கள்.

பாதையிலிருந்து வயலுக்குள் பிரியும் இடத்தில் ஒரு கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி. அது நடப்பவருக்கான வழி. நீல அம்பு என்றால் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து. நிலம் ஒருவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல். 1949-ன் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் அவற்றை ஒரு சட்டபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. பதியாமல் விடுபட்டவையும் நிறைய. நடப்போர் சங்கத்தின் தொண்டர்கள் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு 49,000 மைலுக்கும் மேல் விடுபட்டிருப்பதாகக் கண்டார்கள். அவற்றைப் பதிய 2000-ல் வந்த சட்டம் 2026 வரை கெடு வைத்தது; பிறகு கெடு 2031-க்குத் தள்ளிப் போயிற்று; 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

பொதுவழிகள் பற்றிய சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு வழியில் பொதுமக்கள் தொடர்ந்து 20 ஆண்டுகள் நடந்திருந்தால், அது பொதுவழி என்று கோரலாம். வலுக்கட்டாயமாக நுழையாமல், ஒளிந்து போகாமல், அனுமதி வாங்கிக்கொண்டு போகாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். நில உரிமையாளர் இடையில் மறுத்ததற்கு அடையாளம் இருக்கக்கூடாது. ஆவணம் இல்லாத ஏழைக்கும் கால் இருக்கிறது அல்லவா? முன்பு பாதையை மண்வெட்டி காத்தது. இப்போது நாய்க்குட்டியோடு தினமும் நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் காலடி காக்கிறது. அவர் கிராமத்துக்கு வந்து பத்து ஆண்டுதான் ஆகியிருக்கும். அவருக்கு முன் பத்து ஆண்டு நடந்தவரின் சாட்சியத்தோடு அவருடையதைச் சேர்த்தால் கணக்கு நிறைந்துவிடும்.

திரும்பி வரும்போது ஊரின் எல்லையில் வீடு கட்டும் அனுமதிக்கான அறிவிப்பு கம்பத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 3,70,000 வீடுகள் என்ற இலக்கை அரசு வைத்திருக்கிறது. அதில் சில பத்து இந்த வயலில் வரும். வீடு வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பாதையில் ஒரு வாயில் வேண்டும். வாயிலுக்கு இருபுறமும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தடையில்லாத தூரம் வேண்டும். 60 மைல் வேகத்துக்கான சாலைக் கணக்கில் அது 215 மீட்டர். அத்தனை நீளத்துக்கு வேலி போக வேண்டியிருக்கும். வேகத்தை 30 ஆகக் குறைத்தால் பல மீட்டர் வேலி பிழைக்கும். வீட்டு அனுமதி பற்றிய ஊர்க்கூட்டத்தில் இதைக் கேட்பவர் அரிது. வேலியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் தனித்தனியாகவே பேசுகிறார்கள். வீட்டு அனுமதி கிடைத்துவிட்டால் 1997-ன் விதி குறுக்கே நிற்காது.

பக்கத்து வயலில் சென்ற ஆண்டே வீடுகள் எழுந்துவிட்டன. அங்கே இழந்த வேலிக்கு ஈடாகப் புது வேலி நட்டிருக்கிறார்கள். 2024 முதல் பெரும்பாலான கட்டுமானங்கள் இயற்கையை முன்பிருந்ததைவிட 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும். அதில் வேலிக்குத் தனிக் கணக்கு உண்டு. முழங்கால் உயரத்தில் ஹாத்தார்ன், ஹேசல், மேப்பிள் கன்றுகள். ஒவ்வொன்றையும் சுற்றி முயல் கடிக்காமல் பிளாஸ்டிக் சுருள். குறைந்தது 30 ஆண்டு இதைப் பராமரிப்பது கட்டியவரின் கடமை. 30 ஆண்டு முடியும்போதுதான் பழைய விதியின்படி பாதுகாப்புக் கோரும் வயது இந்த வேலிக்கு வரும். அதுவும் யாருடைய தோட்டத்துக்கும் எல்லையாக இல்லாவிட்டால்தான். வீட்டு எல்லை வேலிகளை அந்த விதி தொடுவதில்லை. கன்றுகளில் இரண்டு வாடியிருக்கின்றன. மழை பெய்து மூன்று வாரமாகிறது. வரிசையின் கடைசி வீட்டிலிருந்து ஒரு சிறுமி பூவாளியோடு வந்து, சுருளுக்குள் நீர் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.